மருந்தில்லா நாள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு

“கொடுக்கலைன்னா கொடுக்கலை! இன்னும் எத்தனை தடவை சொல்றது? இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு சொட்டு மருந்து கொடுத்து ரெண்டே முக்கால் வருஷம் ஆச்சு!”

“அப்ப என் பொண்ணு வாந்தியில ரோஸ் கலரும் ஆரஞ்சுக் கலரும் எங்கேருந்து வந்துச்சு? வானவில்லைக் கடிச்சுத் தின்னாளா?”

“மரியாதையா பேசுங்க!”

“மரியாதையாத்தான் பேசறேன் மேடம். மரியாதை இல்லாம பேசினா இந்த போன் தாங்காது!”

முதலில் கத்தியவர் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் பெரிய மேடம். பதிலுக்குக் கத்தியது மேசைமேல் மல்லாக்கக் கிடந்த ஒரு போன். அதற்குள் இருந்தவர் பட்டாணியின் அப்பா, லிஃப்ட் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் மகளின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, ஸ்பீக்கர் வழியாக இங்கே சண்டைக்கு வந்திருந்தார். மேடத்துக்கும் போனுக்கும் நடுவே பட்டாணியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்ததில் முழங்கை வரை வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் இருந்தாள்.

நான் கதவோரம் நின்றேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று மேடமும் இரண்டு முறை கேட்டுவிட்டார். பட்டாணி குடும்பம் என் கீழ்வீட்டில் இருக்கிறது. என் ஜன்னல் காப்பகத்து வாசலைப் பார்த்து இருக்கிறது. அதை நான் கட்டவில்லை. மதியம், வாந்தியெடுத்துத் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஓடியபோது நானும் ஓடினேன். புருஷனைக் குழந்தையிடம் விட்டுவிட்டு அவள் இங்கே திரும்பியபோது நானும் திரும்பினேன். துணைக்கு ஒருத்தர் வேண்டாமா?

“ஒண்ணுதான் கேக்கறேன்,” என்றாள் பட்டாணியின் அம்மா, கடையில் வாடிக்கையாளரிடம் எந்த எழுத்துத் தெரிகிறது என்று கேட்கும் குரலில். “என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு. டாக்டர் கேக்கறாங்க. அதை மட்டும் சொல்லுங்க.”

“கொடுக்கலைம்மா!”

“சரி.” கொஞ்ச நேரம் மேடத்தின் முகத்தையே பார்த்தாள். “உங்க கண்ணாடி வலது பக்கம் இறங்கியிருக்கு.”

மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அது மறுபடி இறங்கியது.

இந்த இடத்தில் காப்பகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எப்போதோ, எங்கேயோ, வேறொரு காப்பகத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தை அளவு தப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி வந்தது. எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே பாராசிட்டமால் சிரப்தான். பெற்றவர்கள் பயந்தார்கள், நியாயமான பயம். நிர்வாகம் உடனே ‘குழந்தை மருந்துப் பாதுகாப்புக் குழு’ அமைத்தது. அதற்குத் தலைவராக ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். எடையளவுத் துறையில் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தியே ஓய்வுபெற்றவர். அவர் ஒரு வாரம் யோசித்து, அளவு தப்பாமலிருக்க ஒரே வழி அளக்காமலிருப்பதுதான் என்ற முடிவுக்கு வந்தார்.

முன்னறையில் ஓர் இரும்பு அலமாரி வந்தது. அதற்கு மூன்று பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், ஒரு சாவி பெரிய மேடத்திடம், ஒரு சாவி ஆபீஸ் பெண்ணிடம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நின்றால்தான் திறக்கலாம். அதற்கு முன் பெற்றவர்கள் மனுப் போட வேண்டும். குழந்தையின் எடையை முத்திரையிட்ட தராசில் பார்த்துச் சான்று வாங்க வேண்டும். குழு கூட வேண்டும். ஒரே ஒரு தகப்பன் இதையெல்லாம் பொறுமையாகச் செய்து பார்த்தார். அனுமதி வந்தபோது அவர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு.

வாசலில் ஒரு பலகை. ‘மருந்தில்லா நாட்கள்’ என்று எழுதி, கீழே எண். தினமும் காலையில் காவலாளி எண்ணை மாற்றுவார், குழந்தைகள் வரிசையில் நின்று கைதட்டும். இன்றைய எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. ஆயிரமாவது நாளுக்கு விருந்தாளி, ரிப்பன், வெண்கலப் பலகை எல்லாம் ஏற்பாடாகியிருந்தது.

வாசலில் இன்னொன்றும் உண்டு. நெற்றிக்கு நேராகக் காட்டினால் சூட்டைச் சொல்லும் கருவி. காய்ச்சல் இருந்தால் கூவும். கூவினால் குழந்தை வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று முறை கூவினால் இடமே போய்விடும். இடம் போனால் அம்மாவின் வேலை போகும். அதனால் கருவி இப்போதெல்லாம் கூவுவதே இல்லை. என் ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன்: வரிசையில் நிற்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு நெற்றி வியர்த்திருக்கும், உதட்டோரம் ரோஸாக இருக்கும். காவலாளி நெற்றியை மட்டும்தான் பார்ப்பார். உதடு அவருடைய பொறுப்பில் இல்லை.

சண்டை சூடாக இருக்கும்போதே தலைவர் வந்து சேர்ந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. நாற்காலியில் உட்காரும் முன் அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை என்று தெரிந்த பிறகு உட்கார்ந்தார்.

“யாரு போன்ல?”

“குழந்தையோட அப்பா,” என்றார் மேடம். “ரொம்ப சத்தம் போடறார் சார்.”

“சத்தம் போடறது மனு ஆகாது,” என்றார் தலைவர்.

போனில் ஏதோ தட்டுப்பட்ட ஓசை. குரல் மாறியது. “நான் டாக்டர் பேசறேன். யாரையும் திட்டறதுக்குக் கேக்கலை. காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கற இந்த மருந்து கெட்ட மருந்து இல்லை. குழந்தையோட எடைக்கு ஏத்த அளவு, ரெண்டு வேளைக்கு நடுவுல நாலு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி, ஒரு நாளைக்கு இத்தனை வேளைக்கு மேல வேண்டாம்னு ஒரு கணக்கு. இது இருந்தா பத்திரமானதுதான். மீறினா கல்லீரலைத் தாக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. குழந்தை விளையாடிட்டு இருக்கும்போதே உள்ள கெட்டுப்போகும். ரத்தம் எடுத்திருக்கோம். ஆனா பல தடவையா கொடுத்திருந்தா ரத்தம் பாதிக் கதைதான் சொல்லும். வேற மருந்து கலந்திருந்தா, எதைத் தேடறதுன்னு தெரியாம நான் தேடணும். மீதிக் கதை உங்ககிட்டதான் இருக்கு. எவ்வளவு கொடுத்தீங்க?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “டாக்டரம்மா, கேள்வியிலேயே பிழை இருக்கு. எவ்வளவு கொடுத்தீங்கன்னு கேக்கறதுல, கொடுத்தோம்ங்கற அனுமானம் உள்ள ஒளிஞ்சிருக்கு. அதை நீக்கிட்டுக் கேளுங்க.”

“நீக்கிட்டா என்ன சார் மிஞ்சும்?”

“எவ்வளவு நாளா கொடுக்கலைன்னு கேக்கலாம். அதுக்கு எங்ககிட்ட துல்லியமான பதில் இருக்கு.”

டாக்டர் அவரை விட்டுவிட்டு, “அம்மா இருக்காங்களா?” என்றார்.

“இருக்கேன்,” என்றாள் பட்டாணியின் அம்மா. கைப்பையைத் திறந்தாள். சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் அதன் அளவுக் கோப்பையையும் வைத்தாள். “காலையில ஏழு மணிக்கு நான் ஒரு வேளை கொடுத்தேன். பாட்டில்ல போட்டிருக்கற அளவுதான். ராத்திரியே உடம்பு சுட்டுச்சு. ஏற்கெனவே ரெண்டு தடவை கருவி கூவியிருக்கு. மூணாவது கூவினா இடம் போயிடும். அதனால கொடுத்துக் கூட்டிட்டு வந்தேன்.”

போனுக்குள் லிஃப்ட் மெக்கானிக், “ஏய், அதை ஏன் அவங்க முன்னாடி…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அறையில் இருந்தவர்களைப் பார்த்தேன். பெரிய மேடம், தலைவர், பாட்டு டீச்சர், சமையல் அக்கா, காவலாளி. ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. தலைவர் மட்டும் பேனாவை எடுத்தார்.

“மேடம், இதைக் குறிச்சுக்கங்க. தாயார் ஒப்புக்கொண்டார். நேரம் ஏழு மணி.”

“குறிச்சுக்கங்க,” என்றாள் அவள். “இப்ப நீங்க சொல்லுங்க.”

அப்போது போனில் ஒரு சின்னக் குரல், தூக்கமும் எரிச்சலுமாக, “அம்மா எங்க?” என்றது.

“பட்டாணி, அம்மா இதோ வந்துடுவேன்டா கண்ணு. இன்னைக்கு காப்பகத்துல மருந்து குடிச்சியா?”

“ம்.”

“என்ன மருந்து?”

“ரோஸ். இனிப்பு.” கொஞ்சம் யோசனை. “ஆரஞ்சு. இனிப்பு. அப்புறம் கசப்பு. தூ.”

துப்பியே காட்டினாள் போலிருக்கிறது. அவள் அப்பா துடைக்கும் ஓசை கேட்டது. பாட்டு டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சமையல் அக்கா முந்தானையால் ஏற்கெனவே காய்ந்திருந்த கையைத் துடைத்தாள்.

“பதிவு செய்ய முடியாது,” என்றார் தலைவர். “மூணு வயசுக் குழந்தையோட நாக்கு முத்திரை பெற்ற கருவி இல்லை. முப்பத்தோரு வருஷம் துறையில இருந்தவன் சொல்றேன். சந்தேகம் வந்தா ஒரே வழி, பரிசோதனை. அலமாரியைத் திறப்போம். உள்ளே இருக்கற பாட்டில் சீல் உடையாம இருந்தா நாம கொடுக்கலை. உடைஞ்சிருந்தா கொடுத்தோம். ஆபீஸ் பெண் எங்கே?”

ஆபீஸ் பெண் கல்யாணத் துணி எடுக்க அரை நாள் லீவில் போயிருந்தாள். போன் போட்டார்கள். அவள் வரும்வரை எல்லோரும் அப்படியே இருந்தோம். பட்டாணியின் அம்மா சுவரில் மாட்டியிருந்த குழந்தைகள் வரைந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், கண் அந்தப் பக்கம் இருந்தது. நான் அவள் தோளில் கை வைத்தேன். “அக்கா, கை வைக்காதீங்க,” என்றாள் மெதுவாக. “வச்சா அழுதுடுவேன். இப்ப நேரம் இல்லை.”

ஆபீஸ் பெண் இரண்டு கையிலும் துணிப்பைகளோடு மூச்சிரைக்க வந்தாள். மூன்று பேரும் அலமாரிக்கு முன் நின்றார்கள். தலைவர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்ல, மூன்று சாவியும் ஒன்றாகத் திரும்பின. கதவு முனகிக்கொண்டே திறந்தது. நடுத்தட்டில் ஒரே ஒரு பாட்டில். தலைவர் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். சீல் உடையவில்லை. பழக்கதோஷத்தில் காவலாளி கைதட்டிவிட்டார்.

“நிரூபணம்!” என்றார் தலைவர்.

பட்டாணியின் அம்மா எழுந்துபோய்ப் பாட்டிலைப் பார்த்தாள். பொடி எழுத்துப் படிப்பதுதானே அவள் பிழைப்பு. “இது காலாவதியாகி ஒரு வருஷம் ஆச்சு,” என்றாள்.

“அதனால என்ன? யாருக்கும் கொடுக்கப் போறதில்லையே!” என்றார் மேடம், நிஜமாகவே புரியாமல்.

அவள் மேடத்திடமிருந்து திரும்பினாள். ஆபீஸ் பெண்ணிடம், “ஒரு துணிப்பையைக் கொடும்மா, தந்துடறேன்,” என்றாள். புது ஜாக்கெட் துணிகளை எடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். அதை மேசைமேல் வாய் திறந்து வைத்தாள்.

“நான் அந்தச் சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிக்கறேன். அக்காவும் திரும்பிக்குவாங்க. யாருகிட்ட பாட்டில் இருக்கோ இதுல போடுங்க. யாருன்னு பார்க்க மாட்டேன். கேக்க மாட்டேன். வேலை போறது, புகார் ஒண்ணும் என்னால வராது. எனக்குப் பாட்டில் மட்டும் வேணும்.”

நாங்கள் திரும்பிக்கொண்டோம். எனக்குத் திரும்பி நிற்பது பழக்கமில்லாத வேலை; கழுத்து வலித்தது. பின்னால் கைப்பை ஜிப்புகள் திறக்கும் ஓசை. மேசை இழுப்பறை ஒன்று. சமையலறைக்குப் போய்வரும் செருப்பு. கண்ணாடியோடு கண்ணாடி உரசும் ஓசை, ஒன்று, இரண்டு, இன்னும். முடிந்தது என்று திரும்பியபோது பை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

உள்ளே ஆறு பாட்டில். கூடவே ஒரு தைல டப்பா, இருமல் மிட்டாய், காவலாளியின் முழங்கால் எண்ணெய். மருந்து என்ற பேர் இருந்த எதையும் யாரும் கையில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. மருந்தே நுழையாத கட்டடத்தில் ஒரு சின்ன மருந்துக் கடை இருந்தது.

தலைவர் பையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். “இவை அலமாரிக்கு வெளியே இருந்தவை,” என்றார். “குழுவோட அதிகாரம் அலமாரியோட கதவுல முடிஞ்சிடுது.”

பட்டாணியின் அம்மா பாட்டில் பாட்டிலாக எடுத்துப் போனில் படித்தாள். ஒன்று பிறந்த குழந்தைக்கான சொட்டு மருந்து; ஒவ்வொரு சொட்டிலும் வீரியம் அதிகம். ஒன்று பெரிய பிள்ளைகளுக்கானது. அதே நிறம், அதே பழத்தின் படம், இரண்டு மடங்கு வீரியம். “எல்லாம் வேற வேற,” என்றார் டாக்டர். “எதுன்னு தெரியணும். எதால அளந்தாங்கன்னும் தெரியணும்.”

“இன்னொரு தடவை திரும்பிக்கறேன்,” என்றாள் அவள். “பாப்பாவுக்கு இன்னைக்குக் கொடுத்ததை மட்டும் விட்டுட்டு மத்ததை எடுத்துக்கங்க. எதுல ஊத்திக் கொடுத்தீங்களோ, அதையும் போடுங்க.”

இந்த முறை ஓசை மெதுவாக வந்தது. சமையலறைச் செருப்பு போய்த் திரும்பியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரும்பினோம். பையில் இரண்டு பாட்டில். ரோஸ் பாட்டில் பெரிய பிள்ளைகளுக்கானது. கூடவே அளவுக் கோப்பை, கழுவாததால் விளிம்பில் ரோஸ் கோடு. கோடு கோப்பையின் வாயை ஒட்டி இருந்தது. ஆரஞ்சு பாட்டிலோடு குழம்பு பரிமாறும் கரண்டி.

“ரெண்டு,” என்றாள் சமையல் அக்கா, யாரையும் பார்க்காமல், கரண்டியைப் பார்த்து. “பத்தரை மணி இருக்கும். அனலாக் கொதிச்சா. காலையிலேர்ந்து யாரும் ஒண்ணும் கொடுக்கலைன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்,” என்றாள் பாட்டு டீச்சர். “ஒன்பதரைக்கு. என் மடியில வந்து படுத்துக்கிட்டா.” அவள் அழ ஆரம்பித்தாள். “கொடுத்தா எழுதி வைக்கலாம், அடுத்தவங்ககிட்ட சொல்லலாம். கொடுக்கவே கூடாதுன்னா எப்படிச் சொல்றது?”

“சொல்லியிருக்கக் கூடாது,” என்று அவளைத் தேற்றுவது போல் சொன்னார் மேடம். “இப்பவும் சொல்லியிருக்கக் கூடாது.”

அளவுகளைக் கேட்டதும் டாக்டர் பக்கத்தில் யாரிடமோ பேசினார். ‘முறிமருந்து’, ‘உடனே’ என்ற இரண்டு சொல் எங்களுக்குக் கேட்டது. பட்டாணியின் அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளைப் பொடி மேசையில் நாலு விரலாகப் பதிந்தது.

“அம்மா, ஏத்த ஆரம்பிக்கறோம். நேரத்தோட வந்திருக்கீங்க. ஆனா அந்தக் கசப்பு? சிரப் எதுவும் துப்பற அளவுக்குக் கசக்காது. அது என்னன்னு எனக்குத் தெரியணும்.”

அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பாட்டு டீச்சர் இல்லையென்று தலையை ஆட்டினாள். சமையல் அக்கா தலையை ஆட்டினாள். காவலாளி தன் முழங்கால் எண்ணெயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தலைவர் எழுந்து நின்றார். சூழ்நிலை தனக்காகக் காத்திருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“இங்கே ஒண்ணு சொல்ல விரும்பறேன். ஆயிரமாவது நாள் விழாவுல சொல்லணும்னு வச்சிருந்தேன், இப்பவே சொல்றேன். இன்னைக்கு வெளியில வந்த ஒழுங்கீனத்துக்குக் காரணம் மனசு. குழந்தை அழுதா மனசு இளகுது. இளகற மனசு அளக்காது. நான் இளக மாட்டேன். மதியம் பன்னெண்டு மணிக்குக் கைதட்டல் ஒத்திகையைப் பார்வையிட வந்தேன். வரிசையில ஒரு குழந்தை அழுதுகிட்டே நின்னுச்சு. அதோட அழுகையால மொத்த வரிசையும் தாளம் தப்புச்சு. விருந்தாளி முன்னால இப்படி ஆனா என்ன ஆகும்? ஆனாலும் நான் அலமாரியைத் திறந்தேனா? இல்லை. விதியை மீறினேனா? இல்லை. பெரியவங்க மருந்து குழந்தைங்க கைக்கு எட்டாம இருக்கணும்னு சுற்றறிக்கை எழுதினவனே நான். இதோ, எனக்குத் தலைவலி மாத்திரை எப்பவும் சட்டைப்பையில. உயரத்துல. பத்திரமா. இப்படித்தான் வைக்கணும்.”

சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

அட்டையின் கடைசி அறை கிழிந்திருந்தது. அதற்குள் மாத்திரை பாதிதான் இருந்தது. சுத்தமாக, நடுக்கோட்டில் உடைத்த பாதி. அளவில் அவர் கில்லாடி.

பட்டாணியின் அம்மா எழுந்தாள். அவர் கையிலிருந்து அட்டையை வாங்கினாள், அவரும் கொடுத்துவிட்டார். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

“இன்னொரு பாதி எங்கே சார்?”

தலைவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவரை யாரும் தராசில் ஏற்றிப் பார்த்ததில்லை.

“அது மருந்து இல்லைம்மா,” என்றார் கடைசியில், குரல் கொஞ்சம் இறங்கி. “அது பாதி. விதியில மாத்திரைன்னு போட்டிருக்கு. பாதி மாத்திரை மாத்திரை ஆகாது. தலை வலிக்குதுன்னு சொல்லி அழுதா. தேன்ல குழைச்சு நானே… ஒத்திகை முடியற வரைக்கும்தான்…”

“ஆஸ்பிரின்,” என்று அவள் போனில் படித்தாள். “பெரியவங்களுக்கானது. பாதி. மதியம் பன்னெண்டு மணி.”

“காய்ச்சல்ல இருக்கற குழந்தைக்கா?” டாக்டரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. “டாக்டர் சொல்லாம அதைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கவே கூடாது! சரி. சரி. தெரிஞ்சுதே, அது போதும். அதுக்கும் ரத்தம் பார்க்கறேன். கண்காணிப்புலயே வச்சுக்கறேன். நீங்க வாங்க.”

அவள் பாட்டில்களையும் கோப்பையையும் கரண்டியையும் அட்டையையும் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். போனை எடுத்தாள். போகிற போக்கில் பெரிய மேடத்தின் கண்ணாடியைக் கழற்றி, காதுப் பக்கத்தை மெல்ல அழுத்தி வளைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். அது இறங்கவில்லை. எதற்காகச் செய்தாள் என்று பின்னால் கேட்டேன். “செஞ்சேனா?” என்றாள்.

பட்டாணி ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்தாள். ஒரு கட்டத்தில் கண் மஞ்சளாகிறதோ என்று அவள் அம்மா மணிக்கொரு தரம் இமையை விலக்கிப் பார்த்தாள். லென்ஸில் கீறல் தேடுகிற அதே பார்வை. ஆகவில்லை. கல்லீரல் தாக்குப்பிடித்தது. எல்லா விவரமும் கையில் இருந்ததால் தடுமாறாமல் வைத்தியம் செய்ய முடிந்தது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த பட்டாணி முதலில் செய்த காரியம், என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எல்லோருக்கும் பெயர் வைத்தது: ரோஸ் டீச்சர், ஆரஞ்சு அக்கா, கசப்புத் தாத்தா. அந்த மூன்றாவது பெயர் தெருவுக்கே ஒட்டிக்கொண்டது. அதில் என் பங்கு எதுவும் இல்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, சொல்லவில்லை.

காப்பகத்தில் விசாரணை நடந்தது. விசாரித்தவர் தலைவர். அலமாரியிலிருந்து எந்த மருந்தும் வெளியே வரவில்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணம் ஆனது. எழுத்தில் இருந்த ஒரே வாக்குமூலம் தாயாருடையது. எனவே காய்ச்சலை மறைத்துக் குழந்தையை அனுப்பிய குற்றத்துக்காகப் பட்டாணியின் இடம் ரத்தானது. பாட்டு டீச்சரும் சமையல் அக்காவும் அலமாரிக்கு வெளியே கொடுத்தவர்கள் என்பதால் கொடுக்காதவர்களாகக் கருதப்பட்டார்கள். ஆயிரமாவது நாள் குறித்தபடி நடந்தது. விருந்தாளி ரிப்பன் வெட்டினார். குழந்தைகள் தாளம் தப்பாமல் கைதட்டின. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன், அப்புறம் கொஞ்சம் திறந்து பார்த்தேன்.

அதன் பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பாட்டு டீச்சர் வேலையை விட்டாள். அவளுக்கு அந்த ரோஸ் பாட்டிலைத் தவறுதலாக மாற்றிக் கொடுத்த மருந்துக் கடைக்காரனிடம் சண்டை போடப் போனாள், மூன்று நாலு முறை போனாள், கடைசியில் அவனையே கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது கல்லாவில் அவள்தான். குழந்தைக்கு என்ன வயசு, என்ன எடை, இதற்கு முன்னால் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்காமல் ஒரு பாட்டிலும் வெளியே போகாது. கடைக்காரன் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்புகிறான், ஆனால் பூரிப்பாக. சமையல் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கரண்டி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. பயிற்சிக்கு வரும் நர்ஸ்களுக்கு டாக்டர் அதைக் காட்டுகிறாராம். ஆபீஸ் பெண்ணுக்கு அந்த மாதமே கல்யாணம் ஆகி, புருஷனோடு விமானம் ஏறிவிட்டாள். மூன்றாவது சாவி அவள் கைப்பையில் போய்விட்டது. கேட்டு எழுதினார்கள், தேடுகிறேன் என்று பதில் வந்தது. தலைவருக்கு வருத்தமில்லை. அலமாரியை இனி யாராலும் திறக்க முடியாது, இப்போதுதான் பாதுகாப்பு முழுமையடைந்தது என்று கூட்டத்தில் பேசினார்.

பட்டாணி குடும்பம் கீழ்வீட்டைக் காலி செய்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேறு ஊரில் வேலை. பட்டாணியின் அம்மாவுக்கு அங்கே ஒரு கண்ணாடிக் கடை, குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன முதலாளி. சாமான் வண்டி கிளம்பும்போது காப்பகத்து வாசலில் தலைவர் நின்றிருந்தார். அப்பா மடியிலிருந்து பட்டாணி கையை ஆட்டினாள். “கசப்புத் தாத்தா, டாட்டா!” தலைவர் பலகையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு அவரும் கையைத் தூக்கினார், அளவாக. அவள் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு ஜோடி வந்திருக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வயதில் ஒரு பையன். ராத்திரி பிள்ளை சிணுங்கிய ஓசை மாடி வரை கேட்டது. காலையில் பாட்டில் மூடி திறக்கும் ஓசை, பிறகு கரண்டி கண்ணாடியில் தட்டும் ஓசை. அரைமணி கழித்து மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். வாசலில் காவலாளி கருவியை நீட்டினார். கூவவில்லை.